குளிர்நாட்டுத் தோட்டத்தில் வைகாசியும் ஆனியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒவ்வொரு வருடமும் சித்திரை முடிய கனடாவில், ரொறன்ரோ நகரின் ஸ்காபரோவில் இருக்கிற மகள் வீட்டுக்குப் போய், புரட்டாதியில் கொழும்பு வெள்ளவத்தைக்குத் திரும்புகிறவள் நான். அங்கே தோட்டம் என் பொறுப்பு. மருமகன் புல்லு வெட்டுவார். அதோடு அவருடைய கடமை முடிந்தது. பூக்கிறவற்றைப் படமெடுத்து எங்கள் மாடிக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் போடுவேன். அதனால் வந்த வினை: திரும்பி வந்தால் லிப்டுக்குள் ஒரு கேள்வி, பிள்ளையார் கோயில் வாசலில் ஒரு கேள்வி, மீன் வாங்க நிற்கும்போதும் ஒரு கேள்வி. "அக்கா, அந்த ரோசா மாதிரி, ஆனால் ரோசா இல்லாத பூ, அதை இங்கே வைக்கேலாதோ?" ஆளுக்கு ஆள் சொன்னதையே சொல்லிக் களைத்துவிட்டேன். எழுதி வைத்தால் நீங்களே படித்துக்கொள்ளலாம்.

"பெரெனியல்" என்கிறீர்களே, அது என்ன சாதிப் பூ?

சாதியின் பெயரில்லை, சீவிக்கிற முறையின் பெயர். ஒருமுறை நட்டால் பல வருடம் வரும். ஆனால் வருடத்தில் பாதி நாள் தரைக்கு மேலே ஒன்றும் இராது. ஐப்பசி, கார்த்திகையில் இலையும் தண்டும் கருகி விழுந்துவிடும். கிழங்கோ வேர்க்கட்டையோ மண்ணுக்குள் உறங்கும். சித்திரையில் திரும்ப முளைக்கும்.

இது நமக்குப் புதினமில்லை. ஊரில் வளவுக்குள் மஞ்சளும் கருணையும் வைத்தவர்களைக் கேளுங்கள். மழைக்காலம் போனதும் இலை பழுத்துச் சாய்ந்துவிடும், நிலம் வெறும் நிலமாகக் கிடக்கும். அடுத்த மழைக்குச் சொல்லாமல் கொள்ளாமல் குருத்து வரும். காந்தளும் அப்படித்தான். நம்முடையவை வறட்சிக்கு ஒளித்திருக்கின்றன, அங்கத்தையவை உறைபனிக்கு ஒளித்திருக்கின்றன.

எது எவ்வளவு குளிர் தாங்கும் என்பதற்கு அமெரிக்க விவசாயத் திணைக்களம் நாட்டை வலயங்களாகப் பிரித்து எண் கொடுத்திருக்கிறது. கனடாவுக்கும் தனியாக ஒரு வரைபடம் உண்டு. நேர்சரியில் செடி வாங்கும்போது லேபிளில் அந்த எண் இருக்கும். அமெரிக்கக் கணக்கில் 3ஆம் வலயம் என்றால் வருடத்தின் மிகக் குளிரான இரவு மைனஸ் 40 முதல் மைனஸ் 34 பாகை வரை போகும் இடம். 5ஆம் வலயம் மைனஸ் 29 முதல் மைனஸ் 23 வரை. ஸ்காபரோவில் 5 அல்லது அதற்குக் குறைந்த எண் உள்ளதை வாங்கினால் குளிர் தாங்கும், பயமில்லை. அதே கணக்கில் கொழும்பைப் போட்டால் கடைசி எண்ணான 13இல் வந்து நிற்கும். இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் இருக்கிற தூரம்தான் நீங்கள் என்னிடம் கேட்கும் முக்கால்வாசிக் கேள்விக்கும் பதில்.

எந்தப் பூ முதலில் வரும்?

மே 25க்கு முந்திய திங்கட்கிழமை அங்கே விக்டோரியா நாள், விடுமுறை. அந்த வார இறுதி வரை தக்காளி, மிளகாய்க் கன்றை வெளியே நட மாட்டார்கள், இரவில் உறைபனி விழலாம் என்ற பயம். பெரெனியல்களுக்கு அந்தப் பயமில்லை, ஏற்கெனவே முழங்கால் உயரத்துக்கு வந்திருக்கும்.

ரியூலிப் முடியும் தறுவாயில் லைலக் பூக்கும் (அது பற்றை, பெரெனியல் கணக்கில் வராது; ஆனால் அந்த வாசத்தைச் சொல்லாமல் விட முடியவில்லை). பிறகு கொலம்பைன். மே கடைசியில் தாடி ஐரிஸ். ஜூன் பிறந்ததும் ஓரியன்டல் பொப்பி, லூபின், பியோனி. அதோடு சேர்ந்து கிரேன்ஸ்பில், கட்மின்ட், நீல சல்வியா. ஜூன் முடிவில் டெல்பினியமும் ரோசாவும். ஜூலையில் டேலிலி தொடங்கிவிட்டால் முன்கோடை முடிந்தது என்று நான் கணக்கெடுப்பேன்.

கொலம்பைன் என்ற பெயரைக் கேட்டுவிட்டு "எங்கட கொழும்பிலிருந்து போனதோ?" என்று ஒருவர் கேட்டார். இல்லை. லத்தீனில் புறாவைக் கொலும்பா என்பார்கள். அந்தப் பூவைத் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள், ஐந்து புறா வட்டமாக நின்று தண்ணீர் குடிக்கிற மாதிரி இருக்கும்.

எல்லாம் ஒரேயடியாகப் பூத்துத் தள்ளுகிறதே, ஏன்? நம்முடைய செவ்வரத்தை வருடம் முழுக்கப் பூக்கிறதே?

நல்ல கேள்வி. இதைக் கேட்டவர் எங்கள் கீழ்மாடியில் இருக்கிற பத்தாம் வகுப்புப் பிள்ளை.

கொழும்பில் வருடத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மணித்தியாலம்கூட இல்லை. தை மாத விடியற்காலையிலும் 22 பாகை இருக்கும். செவ்வரத்தைக்கு அவசரப்பட என்ன காரணம்? இன்றைக்கு விட்டால் நாளைக்குப் பூக்கலாம். ரொறன்ரோவில் மார்கழியில் பகல் 9 மணித்தியாலத்துக்கும் சற்றுக் குறைவு. ஜூன் 21 வாக்கில் பதினைந்தரை மணித்தியாலம். இரவு ஒன்பது மணிக்குத்தான் சூரியன் மறையும். நான் முதல் வருடம் போனபோது பேரப்பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொடுத்துப் படுக்க வைக்கவே முடியவில்லை, "அம்மம்மா, இன்னும் வெளிச்சமாக இருக்கே" என்பார்கள். செடிக்கும் அதே கணக்கு. உறைபனி விட்டதிலிருந்து திரும்ப விழும் வரை ஐந்து மாதம்கூட உறுதியில்லை. அதற்குள் பூத்து, தேனீயைக் கூப்பிட்டு, விதை கட்டி, அடுத்த வருடத்துக்கு வேரில் சேமித்தும் வைக்க வேண்டும்.

ஆனால் வெளிச்சம் பாதிக் காரணம்தான். மீதி குளிர். பல செடிகள் குளிர்ந்த நாட்களை எண்ணிக்கொண்டிருக்கின்றன என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். ஜனவரியில் ஒரு நாள் வெயிலெறித்து 10 பாகை வந்துவிடும். அதை வசந்தம் என்று நம்பி முளைத்தால் அடுத்த இரவே கதை முடிந்தது. அதனால் செடி தன் மொட்டுக்கு ஒரு பூட்டுப் போட்டு வைத்திருக்கிறது. பல கிழமைகள் தொடர்ந்து குளிர் பட்டால்தான் அந்தப் பூட்டுத் திறக்கும். அதற்குப் பிறகு வரும் வெயிலைத்தான் அது நம்பும். சில செடிகளில் பூப்பதைத் தடுத்து வைத்திருக்கும் ஒரு மரபணுவை இந்த நீண்ட குளிர் படிப்படியாக அணைக்கிறது என்பதை விஞ்ஞானிகள் ஆய்வுகூடத்தில் காட்டியிருக்கிறார்கள். எங்கள் சனம் அங்கே திட்டித் தீர்க்கிற அதே குளிர்காலம்தான் ஜூன் மாதப் பூவுக்கு உள்ளே இருக்கிற சாவி.

பனிக்கட்டிக்குள் வேர் செத்துப் போகாதா?

பனி மூடிக் கிடந்தால் நல்லது. அது பஞ்சு மெத்தை மாதிரி, மண்ணைப் பெருங்குளிரிலிருந்து காக்கும். பனி விழாமல் வெறும் நிலம் உறைவதும் உருகுவதுமாக இருந்தால்தான் ஆபத்து, மண் விம்மி வேரை மேலே தள்ளிவிடும். புது நடுகைக்கு மேல் காய்ந்த இலை பரப்பி விடுவது அதற்காகத்தான்.

அந்த ரோசா மாதிரியான பூ, பியோனி. அதைப் பற்றிச் சொல்லுங்கள்.

இதற்காகத்தானே பாதிப் பேர் படிக்க வந்திருக்கிறீர்கள்.

பியோனி சீனாவிலிருந்து உலகம் சுற்றியது. தோட்டத்தில் அதிகம் காணப்படுவது பாலாடை நிறத்திலிருந்து கடும் சிவப்பு வரை வரும் சீனப் பியோனி. ஒரு பூ விரித்த உள்ளங்கையைவிடப் பெரிதாக இருக்கும், இதழுக்குள் இதழ், எண்ணி முடியாது. 1851இல் பிரான்சில் உருவான 'பெஸ்டிவா மக்சிமா' என்ற வெள்ளை இனம் இன்றைக்கும் விற்பனையில் இருக்கிறது. நடுவில் சில இதழ்களின் ஓரத்தில் குங்குமம் தெறித்த மாதிரிச் சிவப்பு. 1906இல் வந்த 'சாரா பேர்ணார்ட்' இளஞ்சிவப்பு. பூச்செண்டுக் கடையில் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும்.

ஒரு பியோனி ஐம்பது வருடம் சாதாரணமாக இருக்கும், நூறு வருடமானவையும் உண்டு. வீடு கைமாறும், ஆட்கள் மாறுவார்கள், அது அதே மூலையில் பூத்துக்கொண்டிருக்கும். எங்கள் மகள் வீட்டில் இருப்பதை நட்டவர் யாரென்று எங்களுக்குத் தெரியாது. வீட்டை வாங்கியபோது கூடவே கிடைத்தது.

இனி அதன் தொல்லைகள். முதலாவது, ஆழம். வேர்க்கட்டையில் சிவப்பாகக் கண் கண்ணாக இருக்கும், அதுதான் முளை. அந்தக் கண்ணுக்கு மேலே 5 சென்ரிமீற்றருக்கு மேல் மண் போடக்கூடாது. அன்பு மிகுதியால் ஆழப் புதைத்தால் இலை மட்டும் செழித்து வரும், பூ வராது. "மூன்று வருடமாகப் பூக்கேல்லை" என்று ஒருவர் சொன்னால் நான் முதலில் கேட்பது ஆழத்தைத்தான், அடுத்தது வெயிலை. நடுவதற்கு நல்ல காலம் செப்டெம்பர், ஒக்டோபர். நட்டு முதல் இரண்டு வருடம் ஒன்றையும் எதிர்பார்க்க வேண்டாம்.

இரண்டாவது, எறும்பு. மொட்டு முழுக்க எறும்பு ஊரும். மொட்டைத் திறந்துவிடுவதே எறும்புதான் என்று அங்கே பலர் நம்புகிறார்கள், எறும்பு இல்லாவிட்டால் பூக்காதாம். அது கட்டுக்கதை. மொட்டின் புறவிதழ் இனிப்பு நீர் கசியும், அதைக் குடிக்க எறும்பு வரும், வந்த இடத்தில் மொட்டைத் தின்னும் பூச்சிகளை விரட்டும். கூலிக்குக் காவல், அவ்வளவுதான். மருந்தடிக்காதீர்கள். வீட்டுக்குள் கொண்டுவர முன் பூவைத் தலைகீழாகப் பிடித்து உதறினால் போதும்.

மூன்றாவது, மழை. பூத்த அன்றைக்கு இடியோடு மழை வராவிட்டால் அது ரொறன்ரோ இல்லை. பூ தண்ணீரைக் குடித்துப் பாரம் தாங்காமல் மண்ணில் விழுந்து கிடக்கும், கல்யாண வீட்டில் மழை பெய்த மாதிரி. மே தொடக்கத்திலேயே கம்பி வளையம் வைத்துவிட வேண்டும். செடி வளர்ந்த பிறகு வளையத்துக்குள் திணிப்பது, பிள்ளை வளர்ந்த பிறகு பழைய சட்டையைப் போடுவதுபோல.

என்னுடைய உபாயம் வேறு. மொட்டு அமுக்கிப் பார்த்தால் மெத்தென்று இருக்கும் பதத்தில் பாதியை வெட்டி, தாளில் சுற்றித் தண்ணீரில்லாமல் பிரிட்ஜில் வைத்துவிடுவேன். இரண்டு மூன்று கிழமை தாங்கும். வெளியே எடுத்து, தண்டின் நுனியை மறுபடி வெட்டித் தண்ணீரில் வைத்தால் அடுத்த நாள் விரியும். போன வருடம் பேத்தியின் பிறந்தநாளுக்கு, தோட்டத்தில் பியோனி எல்லாம் முடிந்த பிறகு, மேசையில் ஒன்பது பூ இருந்தது. மருமகன் மட்டும் தயிர்ச் சட்டிக்கு இடமில்லை என்று முறைத்தார்.

ஐரிஸ் பார்க்க இஞ்சி மாதிரிக் கிழங்கு. இஞ்சி மாதிரியே புதைக்கலாமா?

அங்கேதான் நானும் பிழைவிட்டேன். தாடி ஐரிஸின் கிழங்கு வெயில் காய வேண்டும். முதுகு மண்ணுக்கு மேலே தெரியும்படி வைத்து, இரண்டு பக்கமும் வேரை மட்டும் மண்ணால் மூடுங்கள். முழுக்கப் புதைத்தால் அழுகும். அழுகினால் ஒரு நாற்றம் வரும், ஒருமுறை முகர்ந்தவர்கள் மறக்க மாட்டார்கள். மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை, பூ முடிந்து ஜூலை, ஆகஸ்டில் கிளப்பிப் பிரித்து நட வேண்டும். பிரிப்பதில் மிஞ்சுவதை அயலாருக்குக் கொடுக்கலாம். ஸ்காபரோவில் எங்கள் தெருவில் ஆறு வீட்டில் ஒரே ஊதா ஐரிஸ் பூக்கிற காரணம் அதுதான்.

தாடி என்பது கீழே தொங்கும் இதழின் நடுவில் இருக்கிற மயிர் வரிசை. தேனீக்கு அது வழிகாட்டி. தாடியில்லாத சைபீரிய ஐரிஸ் ஈரமண்ணிலும் வரும், கரைச்சல் குறைவு. குளத்தோரங்களில் மஞ்சளாக ஒன்று நிற்கும். அதன் தாவரவியல் பெயருக்குப் பொருள் "பொய் வசம்பு". இலை நம்முடைய பேர்சொல்லாததின் இலையை அப்படியே ஒத்திருப்பதால். அதை மட்டும் வாங்காதீர்கள். அழகுதான், ஆனால் ஒன்ராறியோவில் ஈரநிலங்களைப் பிடித்து மற்றச் செடிகளை விரட்டுகிறது.

லூபின்?

லூபினைப் பார்த்தால் கோபுரம் கோபுரமாக நிற்கும். யோர்க் நகரத்தில் ஜோர்ஜ் ரஸ்ஸல் என்ற தோட்டக்காரர் இருபது வருடத்துக்கு மேலாக விதை தெரிந்து தெரிந்து நட்டு, ஒரே கதிரில் இரண்டு நிறம் வரும் இனங்களை உண்டாக்கினார். 1937இல் லண்டன் கண்காட்சியில் அவை வைக்கப்பட்டன. இன்றைக்குத் தோட்டங்களில் இருப்பவை பெரும்பாலும் அந்த வழி வந்தவை. அவரையினம் என்பதால் வேரில் நைதரசன் சேர்க்கும், பசளை அதிகம் வேண்டாம். ஆயுள் குறைவு, நாலைந்து வருடம். ஆழ வேர் இருப்பதால் இடம் மாற்றினால் கோபித்துக்கொள்ளும்.

பொப்பி என்றால் அபின்செடிதானே? வீட்டில் வைக்கலாமா?

அபினும் கசகசாவும் தரும் செடி வேறு, அது ஒரு பருவத்தோடு முடிகிறது. தோட்டத்தில் பல வருடம் வரும் ஓரியன்டல் பொப்பி அதன் உறவு. பட்டுத் தாளைக் கசக்கி விரித்த மாதிரி இதழ், அடியில் கறுப்புப் பொட்டு. பூ முடிந்ததும் ஜூலையில் இலையெல்லாம் மஞ்சளாகிக் காணாமல் போய்விடும். செத்துவிட்டது என்று கிண்டாதீர்கள். ஆவணி, புரட்டாதியில் புது இலை வரும். அந்த வெற்றிடம் கண்ணை உறுத்தினால் முன்னால் கட்மின்ட் வைத்து மறையுங்கள்.

எதில் நஞ்சு இருக்கிறது? சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

டெல்பினியம், பொக்ஸ்குளோவ், லில்லி ஒவ் த வலி மூன்றும் கடும் நஞ்சு. கடைசியாகச் சொன்னதை வைத்திருந்த தண்ணீரையும் பிள்ளைகள் குடிக்க விடக்கூடாது. லூபின் காய் பயற்றங்காய் மாதிரிப் பிள்ளைகளை ஏமாற்றும், விதையில் நஞ்சு உண்டு. பூனை இருக்கிற வீட்டில் லில்லியும் டேலிலியும் வேண்டவே வேண்டாம், பூனையின் சிறுநீரகம் பழுதாகும்.

சாமிக்கு வைக்கலாமா?

நான் வைக்கிறேன். வெள்ளைப் பியோனி ஒன்று வைத்தால் சாமியறை நிறைந்துவிடும். பிள்ளையாருக்கு அறுகம்புல் தேடி அலைந்து கிடைக்காத நாட்டில், அவர் பியோனிக்குக் குறை சொன்னதாக எனக்குத் தெரியவில்லை. நஞ்சுள்ளதை மட்டும் நான் தவிர்க்கிறேன், பிரசாதத்தோடு கலந்துவிடலாம்.

ஆனால் ஒரு விஷயம். வெள்ளவத்தையில் விடியற்காலை அடுத்த வீட்டு மதிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நந்தியாவட்டையைப் பிடுங்குகிற பழக்கம் நம்மில் பலருக்கு இருக்கிறது. என்னையும் சேர்த்துத்தான். அந்தப் பழக்கத்தை விமானத்தில் ஏற்றிக்கொண்டு போகாதீர்கள். பூங்காவிலும் பறிக்கக்கூடாது.

அப்படியானால் பார்க்கவாவது எங்கே போகலாம்?

ஸ்காபரோவில் இருப்பவர்கள் கிங்ஸ்டன் வீதியில் ரோசெட்டா மக்லெயின் தோட்டத்துக்குப் போங்கள். மேட்டிலிருந்து ஒன்ராறியோ ஏரி தெரியும், நடக்க இலகு, வயதானவர்களுக்கு நல்லது. ஒஷாவாவில் ஜூன் மாதத்தில் பியோனி விழா நடக்கும். பேர்லிங்டன், ஹமில்டன் பக்கம் றோயல் பொட்டானிக்கல் கார்டன்ஸில் மே கடைசியில் லைலக், பிறகு ஐரிஸ், பியோனி. மகனோ மகளோ லீவு எடுக்கும் நாளைப் பூ காத்திருக்காது. பியோனியின் உச்சம் ஒரு கிழமை, கூடினால் பத்து நாள். போக முன் தொலைபேசியில் கேளுங்கள்.

சரி, கொழும்பில் வளர்க்கலாமா?

பியோனி வராது. லைலக் வராது. தாடி ஐரிஸ், ஓரியன்டல் பொப்பியும் வராது. குளிர் பெட்டியில் வைத்தால் என்ன, ஏசி அறையில் வைத்தால் என்ன என்று கேட்காதவர் இல்லை. ஏசி 24 பாகை. பியோனி கேட்பது 4, 5 பாகையை, அதுவும் கிழமைக் கணக்கில் விடாமல். பிரிட்ஜில் கிழங்கைக் குளிரவைத்து எடுத்தாலும் பிறகு அது கொழும்பில் சீவிக்க வேண்டுமே. இரவிலும் சூடு, வைகாசியில் மழை, கால் நனைந்த கிழங்கு ஒரு மாதத்தில் கூழ். அப்படி ஒரு வருடம் தப்பினாலும் அடுத்த வருடம் திரும்பவும் கிளப்பிப் பிரிட்ஜில் வைக்க வேண்டும். செடி வளர்ப்பதா, நோயாளி பார்ப்பதா?

ரியூலிப் கிழங்கை மட்டும் 12 முதல் 16 கிழமை வரை பிரிட்ஜில் வைத்து ஒருமுறை பூக்க வைக்கலாம். அன்னாசி, வாழைப்பழம், அப்பிள் பக்கத்தில் வைக்கக்கூடாது. பழம் விடும் வாயு உள்ளே இருக்கும் பூவைக் கெடுத்துவிடும். பூத்த பிறகு கிழங்கைக் குப்பையில் போட மனதைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள்.

இணையத்தில் "பியோனி விதை, எந்தக் காலநிலைக்கும் ஏற்றது" என்று விற்றதை நானும் ஒருமுறை வாங்கினேன், புத்தி சொல்ல வந்தவளைப் பாருங்கள். பியோனி விதை முதலில் சூட்டில் வேர்விட்டு, பிறகு ஒரு குளிர்காலம் கழித்துத்தான் தலைகாட்டும். எனக்கு ஐந்தாம் நாள் முளைத்தது. மூன்றாம் கிழமை பார்த்தால் தண்டுக்கீரை.

நுவரெலியாவில்?

நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். தை, மாசியில் சில விடியற்காலைகளில் புல்லில் உறைபனி படும். ஆனால் பகலில் வெயில் வந்து அதை உருக்கிவிடும். பூட்டுத் திறக்க வேண்டிய தொடர்ச்சியான குளிர் அங்கேயும் இல்லை. அதனால் பியோனிக்கு நுவரெலியாவும் போதாது. குளிர்காலம் கேட்காமல் குளிர்ச்சி மட்டும் கேட்கிற செடிகளுக்குத்தான் அது சொர்க்கம்: ஹைட்ராஞ்சியா, அகபாந்தஸ், டேலியா, ரோசா. 1861இல் குயினைன் மருந்து தரும் சிங்கோனா மரத்தை வளர்க்கத் தொடங்கிய ஹக்கலைத் தோட்டத்துக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள், நான் சொல்லும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

அங்கே ஜெரேனியம் என்று சாடியில் விற்பார்கள். அது உண்மையில் தென்னாபிரிக்காவிலிருந்து வந்த பெலர்கோனியம். கனடாவில் பல வருடம் வரும் உண்மையான ஜெரேனியம், கிரேன்ஸ்பில், வேறு செடி. பெயர் மாறாட்டம் பதினெட்டாம் நூற்றாண்டிலிருந்தே நடக்கிறது, நீங்கள் குழம்பினால் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கொழும்பு பல்கனிக்கு ஈடாக எதைச் சொல்வீர்கள்?

ஈடு என்று நினைத்தால் ஏமாற்றம்தான். பக்கத்தில் வரக்கூடியவை சில உண்டு. ஐரிஸ் ஆசைக்கு நடக்கும் ஐரிஸ் என்கிற நியோமரிக்கா. வெள்ளையும் ஊதாவும், ஒரு நாள்தான் பூ, தண்டின் நுனியில் குட்டி வைத்துச் சாய்ந்து வேரூன்றும். அரைநிழலில் வரும். டெல்பினிய நீலத்துக்குச் சங்குப்பூ. திடீரென்று ஒரே நாளில் எல்லாம் பூக்கிற அந்தப் பரவசத்துக்கு மழை லில்லி: சாடியைக் கொஞ்சம் காயவிட்டு முதல் பெருமழைக்கு வெளியே வையுங்கள், சில நாளில் இளஞ்சிவப்பாக நிறைந்துவிடும். சாடிக்குப் பொச்சுத்தூளும் கொம்போஸ்டும் மணலும், அடியில் துவாரம் தாராளமாக. கடற்கரைப் பக்க மாடியில் இருப்பவர்கள் இலையைக் கிழமைக்கு ஒருமுறை நல்ல தண்ணீரால் கழுவுங்கள், உப்புக்காற்று எதையும் விடாது.

சூட்கேசில் ஒரு கிழங்கு கொண்டுவந்தால் யாருக்குத் தெரியப்போகிறது?

1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. கன்று, கிழங்கு, விதை எதற்கும் முன்கூட்டிய அனுமதியும், அந்த நாட்டு அதிகாரிகள் தரும் தாவர நலச் சான்றிதழும் வேண்டும். மண் கூடவே கூடாது. தாவரத் தொற்றுத்தடுப்புச் சேவை கட்டுநாயக்கவில்தான் இருக்கிறது. விமான நிலையப் பக்க வீதிக்குக் கனடா நட்புறவு வீதி என்றுதான் பெயர். அந்த நட்பு மண் ஒட்டிய கிழங்குக்குச் செல்லாது. பிடித்தால் எரிப்பார்கள். பிடிக்காவிட்டால் அதைவிட மோசம், கிழங்கோடு வரும் புழுவுக்கும் பூஞ்சணத்துக்கும் இங்கே குளிர்காலமே இல்லை.

முதல்முறை கனடா போகிறேன். மே தொடக்கத்தில் தோட்டம் முழுக்கச் செத்துக் கிடக்கிறதாம். போனதும் துப்புரவாக்கவா?

கையைக் கட்டிக்கொண்டு மூன்று கிழமை இருங்கள். காய்ந்த தண்டை வெட்டலாம், மண்வெட்டியைத் தொடாதீர்கள். பியோனி முளை செங்கபில நிறத்தில் விரல் விரலாக வரும், மிதித்தால் அந்த வருடப் பூ போயிற்று. ஹொஸ்டா சுருட்டு மாதிரி வரும். சில செடிகள் ஜூன் வரை தலைகாட்டாது. நான் போன முதல் வருடம் வேலியோரம் ஒரு கட்டை, கை தடிப்பில் ஐந்தாறு காய்ந்த குச்சியோடு நின்றது. எல்லாம் பச்சையாகி அது மட்டும் அசையவில்லை. மே 20 வாக்கில் அரை நாள் பாடுபட்டுக் கிளப்பி, தோட்டக் கழிவுப் பையில் போட்டுவிட்டேன். மகள் வேலையால் வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. ஆவணியில் பக்கத்து வீட்டில் அதே செடி பூத்தது. சாப்பாட்டுக் கோப்பை அளவில், சிவப்பாக, குளிர் தாங்கும் செவ்வரத்தை.